மூன்று மெஷின், ஒரு சோர்ஸ், பதினொரு பேர்

1. இரண்டு தாள்

தேயிலைத் தோட்டங்களின் ஹட்டன் பிராந்திய அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மேலாளர் விஜேரத்ன என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் அச்சிட்ட இரண்டு நீளத் தாள்களை மேசைமேல் விரித்துப் போட்டார். இரண்டிலும் கடைசி வரியைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார்.

"இது கொழும்பு மெஷின் சொல்ற ஆள் தொகை. இது நம்ம மெஷின் சொல்ற ஆள் தொகை. பாரு, நம்மகிட்ட பதினொரு பேர் கூட. போன மாசமும் பதினொண்ணு, அதுக்கு முந்தின மாசமும் பதினொண்ணு. ஹெட் ஆபீஸ் என்னையத்தான் ஏசுது. யாரு அந்தப் பதினொரு பேர், பேயா?"

அவர் சிங்களவர். தோட்டத்து உதவி அதிகாரியான சின்னத் துரையாக இருந்த காலத்தில், காலையில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்று தமிழ் கற்றவர். அதனால் அவருடைய தமிழில் எல்லோருமே 'நீ'தான், சாமியாரும் 'நீ'தான். மற்றபடி நல்ல மனிதர். சரிபார்க்கிறேன் சேர் என்று தாள்களை வாங்கிக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. தோட்டங்கள் அரசின் கையில் இருந்தன. நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து, கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் படித்து, கொழும்பில் புரோகிராமிங் கற்று, அங்கேயே வேலையும் பார்த்தவள். எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் இருக்கத் தைரியம் வரவில்லை. எனக்கு முன் ஹட்டன் நாற்காலியில் இருந்த சிவபாலனும் அதே காரணத்துக்காகத்தான் கனடாவுக்குப் போயிருந்தார். அவர் நாட்டை விட்டார், நான் கொழும்பை விட்டேன். அவர் எழுதிய புரோகிராம் மட்டும் எங்கும் போகாமல் எனக்காகக் காத்திருந்தது.

2. மூன்று பிரதி

அந்தப் புரோகிராமின் பெயர் தொழிலாளர் பதிவேடு. ஒவ்வொரு தோட்டத்திலும் யார் யார் வேலை செய்கிறார்கள், தோட்டத்து ஆள் பேரேடான செக்ரோலில் நம்பர் என்ன, தகப்பன் பெயர் என்ன, எந்த லயத்தில் எந்தக் காம்பரா, அதாவது அறை, இப்போது தோட்டத்தில் இருக்கிறாரா அல்லது இந்தியா போய்விட்டாரா என்பதையெல்லாம் அது வைத்திருந்தது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் நாடற்றவர்களாக இருந்த நம் மலையகத் தமிழ் ஆட்களுக்கு அப்போதுதான் குடியுரிமை கொடுக்க விசாரணை நடந்துகொண்டிருந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள் ஏராளம். அவர்களுக்கு இந்தப் பதிவேட்டிலிருந்து எடுத்த பட்டியல்தான் ஒரே சாட்சி.

பதிவேடு மூன்று மெஷினில் ஓடியது. கொழும்பில் அலமாரி அளவு பெரிய மெஷின். ஹட்டனில் பழைய எட்டு பிட் மெஷின். தலவாக்கலை உப அலுவலகத்தில் புதிதாக வந்த பீசி. சிவபாலன் ஹட்டனுக்கு எழுதியதைக் கொழும்பில் யாரோ தமக்கேற்ப மாற்றியிருந்தார்கள். அதைப் பிரதி எடுத்து இன்னும் யாரோ பீசிக்கு மாற்றியிருந்தார்கள். ஒரு பிழையைத் திருத்த வேண்டுமென்றால் மூன்று இடத்தில் திருத்த வேண்டும். திருத்தியவர் ஒரு இடத்தில் மறந்திருப்பார், அதை மறைக்க அடுத்தவர் வேறொன்று எழுதியிருப்பார். மூன்று சோர்ஸையும், அதாவது புரோகிராமின் மூல வரிகளை, பிரின்ட் எடுத்துத் தரையில் வரிசையாகப் பரப்பி, முழங்காலில் நகர்ந்து நகர்ந்து வாசித்தேன். மாதா கோயிலில்கூட அவ்வளவு நேரம் நான் முழங்காலில் இருந்ததில்லை.

மேலாளரிடம் மூன்று மாதம் கேட்டேன். ஒரே சோர்ஸ், அதையே மூன்று மெஷினிலும் கம்பைல் செய்து, அந்தந்த மெஷினுக்குப் புரியும்படி மாற்ற வேண்டும். இதுதான் திட்டம். மெஷினுக்கு மெஷின் மாறுகிற விஷயங்களை, அதாவது திரையை அழிப்பது, டிஸ்க்கில் எழுதுவது, ஒரு எண்ணுக்கு எத்தனை பிட் என்பது போன்றவற்றையெல்லாம் பிரித்து மூன்று சின்ன ஃபைலில் வைத்தேன். மற்றதெல்லாம் பொதுவான ஒரே இடத்தில். கொழும்பில் ஒரு கட்டளை கொடுத்தால் மாறிய ஃபைலை மட்டும் அதுவே பார்த்து கம்பைல் செய்யும். ஹட்டன் மெஷினுக்கு அந்த வசதி இல்லை. அதற்கு எது முதலில், எது பிறகு என்று வரிசையாகக் கட்டளைகளை ஒரு ஃபைலில் எழுதிக்கொடுத்தேன். முழுதாகக் கம்பைல் ஆக முக்கால் மணி நேரம். நடுவில் மின்சாரம் போனால் மறுபடியும் முதலிலிருந்து. ஹட்டனில் மழை நாளில் மின்சாரம் போகாமல் இருந்தால்தான் அதிசயம்.

அந்த வேலையை நான் ரசித்துச் செய்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எனக்கு ஒழுங்கில் ஒரு வெறி உண்டு. பத்தடிக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் ஆறு பேர் இருந்து வளர்ந்தவளுக்கு, ஒரு பொருளுக்கு ஒரே இடம் என்பது பெரிய விஷயம்.

3. பதினெட்டு வரி

மூன்று பிரதியிலும் ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருந்தால் ஒன்றை நீக்குகிற பகுதி ஒன்று இருந்தது. விதி எளிது. பெயர், தகப்பன் பெயர், காம்பரா நம்பர், மூன்றும் ஒன்றாக இருந்தால் இருவரும் ஒரே ஆள். செக்ரோல் நம்பர் குறைந்ததை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும்.

கொழும்புப் பிரதியிலும் பீசிப் பிரதியிலும் அவ்வளவுதான். ஹட்டன் பிரதியில் மட்டும் அதன் நடுவில் பதினெட்டு வரி கூடுதலாக இருந்தது. செக்ரோல் நம்பர் ஐயாயிரத்துக்கு மேலே இருந்தால் அந்த ஆளைத் தொடாதே, அப்படியே விடு என்று அந்த வரிகள் சொல்லின. ஏன் என்று ஒரு குறிப்பும் இல்லை. சிவபாலன் எல்லாவற்றுக்கும் குறிப்பு எழுதுகிறவர். ஒரு எண்ணை ஒன்றால் கூட்டினால்கூட ஏன் கூட்டுகிறேன் என்று எழுதி வைப்பார். இங்கே மட்டும் ஒன்றுமில்லை.

எங்கள் தோட்டங்கள் எதிலும் செக்ரோல் நம்பர் இரண்டாயிரத்தைத் தாண்டாது. பிறகு ஐயாயிரம் எங்கிருந்து வந்தது? தேடிப் பார்த்தேன். அப்படிப் பதினொரு பதிவு இருந்தது. ஒவ்வொன்றும் வேறொரு பதிவின் நகல்தான். 217 காமாட்சி, தகப்பன் கருப்பையா, நாலாம் லயம், ஏழாம் காம்பரா. 5217 காமாட்சி, அதே கருப்பையா, அதே லயம், அதே காம்பரா. பதினொன்றும் அப்படியேதான்.

பதினொன்று! மேலாளர் தலையைப் பிய்த்துக்கொண்ட பதினொரு பேய்களும் கையில் அகப்பட்டுவிட்டன. சிவபாலன் புரோகிராமைச் சோதித்துப் பார்க்கப் போட்ட பொய்ப் பதிவுகள், அழிக்க மறந்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். கொழும்புப் பிரதியின் விதியையே பொதுவாக வைத்துக்கொண்டு, அந்தப் பதினெட்டு வரியையும் நீக்கினேன். நீக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

4. பொருந்தியது

மூன்று மாதம் முடிந்தபோது மூன்று மெஷினிலும் புதிய புரோகிராமை ஓட்டினோம். மூன்று தாளையும் மேலாளரின் மேசையில் வைத்தேன். கடைசி வரி மூன்றிலும் ஒரே எண். அவர் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஹரி ஹரி, சரி சரி! நீ கெட்டிக்காரி. மூணு வருஷமா எனக்கு இந்தத் தலையிடி."

ஹெட் ஆபீஸிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதோடு ஒரு மாற்றமும் வந்தது. அதுவரை குடியுரிமை விசாரணைக்குப் போகும் பட்டியலை ஹட்டனில் அச்சிட்டு, தோட்டத்துக்கு அனுப்பி, அங்கே கையெழுத்து வாங்கி அனுப்புவது வழக்கம். இனி எல்லா மெஷினும் ஒன்றையே சொல்வதால் கொழும்பிலேயே அச்சிட்டு, தோட்டம் தோட்டமாக நேரே அனுப்பிவிடலாம் என்று தீர்மானித்தார்கள். முதலில் போனது கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பட்டியல். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன்.

5. "நான் போகலையே"

ஐந்தாறு வாரம் கழித்து ஒரு நாள் காலையில், என்னுடைய வயதுதான் இருக்கும், ஒரு பெண் அலுவலக வாசலில் வந்து நின்றாள். கொழுந்துக் கறை படிந்த விரல்களில் ஒரு கடிதத்தை மடித்துப் பிடித்திருந்தாள். காவலாளி அவளை என்னிடம் அனுப்பிவைத்தார்.

"மிஸ், இத கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க. எங்க கிளாக்கரையா வாசிச்சாரு. ஆனா வாசிச்சிட்டு மூஞ்சியப் பார்க்க மாட்டேங்கிறாரு."

வாசித்தேன். விண்ணப்பதாரியான க. காமாட்சி இந்தியாவுக்குச் சென்றுவிட்டதாகப் பதிவேடு காட்டுவதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. தோட்டத்துக்கும் ஒரு பிரதி. இவருடைய பெயரைச் செக்ரோலிலிருந்து நீக்கி, நாலாம் லயம் ஏழாம் காம்பராவை வேறு குடும்பத்துக்கு ஒதுக்கலாம்.

"உங்க பேரு என்னங்க?" என்று கேட்டேன்.

"காமாட்சி."

"செக்ரோல் நம்பர்?"

"இருநூத்திப் பதினேழு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நான் போகலையே மிஸ். இங்கதானே நிக்கிறேன். நேத்துக்கூட மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனேன். இன்னைக்குப் பெரட்டுல என் பேரக் கூப்பிடல."

அவளை உட்காரவைத்துவிட்டு மெஷினில் தேடினேன். 217 காமாட்சி, இந்தியா. தோட்டத்தில் இருப்பவளாகப் பதிந்திருந்த 5217 இல்லை. நான்தான் நீக்கினேன். அன்று அந்த நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

6. கிளாக்கரையா

அன்றே அவளோடு பஸ்ஸில் தோட்டத்துக்குப் போனேன். செக்ரோல் எழுதும் கிளாக்கர் ஆறுமுகம் முதலில் எதுவும் தெரியாததுபோல் நடித்தார். அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, புரோகிராமிலிருந்து அந்தப் பதினெட்டு வரியை நீக்கியது நான்தான் என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் கதவைச் சாத்திவிட்டு வாயைத் திறந்தார்.

காமாட்சி என்பது அவளுடைய அக்காவின் பெயர். இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி அப்பா, அம்மா, அக்கா மூவருக்கும் இந்தியாவுக்குப் பாஸ்போர்ட் வந்தது. இவளுக்குப் பிறப்புப் பதிவு இல்லாததால் வரவில்லை. அவர்கள் கப்பலேறிவிட்டார்கள். இவள் அத்தையோடு அதே காம்பராவில் நின்றுவிட்டாள். பேரில்லாத ஆளைச் செக்ரோலில் சேர்க்க முடியாது. அதனால் கணக்கப்பிள்ளை இவளை அக்காவின் பெயரில், அக்காவின் நம்பரில் மலைக்கு அனுப்பினார். அப்படியே பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. இப்போது அத்தைகூட அவளைக் காமாட்சி என்றுதான் கூப்பிடுகிறாள்.

"நம்ம தோட்டங்கள்ல இந்த மாதிரி பதினொரு பொம்பளைங்க இருக்காங்க. சிவபாலன் தம்பி யாழ்ப்பாணத்துப் பிள்ளை, தோட்டம் தெரியாது, ஆனா விஷயத்தச் சொன்ன உடனே புரிஞ்சிக்கிட்டாரு. போனவங்கள பழைய நம்பர்ல இந்தியான்னு விட்டுட்டு, இங்க நிக்கிறவங்களுக்கு ஐயாயிரத்தக் கூட்டி வேற நம்பர் போட்டு ஒரு வழி பண்ணிக் குடுத்தாரு. எங்கயும் எழுதி வைக்காதீங்க தம்பின்னு நான்தான் கெஞ்சிக் கேட்டேன். எழுதி வச்சா மாட்டிக்குவோமே."

எனக்கு அவமானமாக இருந்தது. ஏனென்றால் சிவபாலனுக்கு இதை யாராவது சொல்லித்தர வேண்டியிருந்தது, எனக்கு வேண்டியதில்லை. என் சொந்தச் சித்தி ஆறு வருடம் இன்னொருத்தியின் பெயரில் கொழுந்து பறித்தவள். பெரட்டில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் சித்தி கையைத் தூக்குவாள், நாங்கள் பிள்ளைகள் சிரிப்போம். ஒரு பெயரில் இரண்டு பேர் இருக்க முடியும் என்பதை எழுத்துக் கற்பதற்கு முன்பே அறிந்தவள் நான். திரையில் பார்த்தபோது மட்டும் அது எனக்கு நகலாகத் தெரிந்தது. கொழும்பில் நான் நன்றாகத்தான் படித்திருக்கிறேன்.

"நான் எழுதிக் குடுக்கிறேன் ஐயா. என் பிழைதான்னு ஒத்துக்கிறேன். விசாரணை வச்சு அவங்க பேரத் திருத்தட்டும்."

"வச்சா என்ன கேப்பாங்க மிஸ்? நீ காமாட்சின்னா இந்தியா போன காமாட்சி யாருன்னு கேப்பாங்க. ஐயாயிரம் எதுக்குன்னு கேப்பாங்க. இன்னும் பத்துப் பேரு பட்டியல் போகாம இருக்கு. ஒருத்தியக் காப்பாத்தப் போயி பத்துப் பேரையும் நீங்களே புடிச்சுக் குடுக்கப் போறீங்களா?"

கடைசி பஸ்ஸில் ஹட்டனுக்குத் திரும்பினேன்.

7. திரும்பப் போட்டது

மறுநாள் அந்தப் பதினெட்டு வரியையும் பழைய பிரின்ட் தாளைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து மீண்டும் தட்டினேன். இந்த முறை பொதுவான இடத்தில் வைத்தேன். மூன்று மெஷினுக்கும் போக வேண்டுமல்லவா. பதினொரு பதிவையும் பழைய டிஸ்க்கிலிருந்து மீட்டேன். குறிப்பு எதுவும் எழுதவில்லை. முக்கால் மணி நேரம் கம்பைல் ஆனது. அன்று மின்சாரமும் போகவில்லை.

தொகை மறுபடி பதினொன்று கூடியதும் மேலாளர் கூப்பிட்டார். என் புரோகிராமில் பிழை இருந்தது, தோட்டத்தில் இருக்கிற ஆட்களையே நீக்கிவிட்டது, இப்போது திருத்திவிட்டேன் என்றேன். அது முழு உண்மைதான். மூன்று மெஷினும் ஒரே எண்ணைச் சொன்னதால் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஹெட் ஆபீஸ் எனக்கொரு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பத்துப் பேரின் பெயர்களும் அவரவர் தோட்டப் பட்டியலில் ஒழுங்காகப் போயின.

காமாட்சியின் பதிவும் மெஷினில் மீண்டும் வந்துவிட்டது. ஆனால் அவளுடைய தோட்டத்தின் பட்டியல் போய், கடிதமும் வந்து, முடிந்த விஷயம். மெஷினைத் திருத்தலாம், போன தாளைத் திருத்த விசாரணை வேண்டும். பெயர் குறிப்பிடாமல் ஒரு கோரிக்கை அனுப்பிப் பார்த்தேன். பதிவேட்டின் மூலத்தையும் செக்ரோலையும் சான்றாக அனுப்புமாறு பதில் வந்தது. அந்தச் செக்ரோலில்தான் இந்தியா போன காமாட்சியின் நம்பரிலேயே இவளும் இருந்தாள். பதிலை மடித்து மேசை அறைக்குள் வைத்தேன்.

அவளிடம் நானேதான் சொல்ல வேண்டும் என்று போனேன். காம்பராவில் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அத்தை மூலையில் உட்கார்ந்திருந்தாள். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். விசாரணை வைத்தால் இன்னும் பத்துப் பேருக்கு ஆபத்து என்பதையும் சொன்னேன். அவள் பெருந்தன்மையாக ஏதாவது சொல்வாள், என் பாரம் குறையும் என்று எனக்குள் ஒரு நப்பாசை இருந்திருக்க வேண்டும்.

"அந்தப் பத்துப் பேரையும் எனக்குத் தெரியாது மிஸ். அவங்க நல்லா இருக்கட்டும். ஆனா உங்க முன்னால வந்து நின்னது நான் ஒருத்திதானே?"

மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். "எங்க அக்கா போனப்பவும் இப்படித்தான் ஒரு தாள்ல என் பேரு இல்லைன்னாங்க. அன்னைக்கு எழுதினவன் யாருன்னு எனக்குத் தெரியாது. அதனால யாரையும் வெறுக்க முடியல. இப்ப தெரிஞ்சிருச்சு."

கிளம்பும்போது அவளுடைய சொந்தப் பெயர் என்ன என்று கேட்டேன்.

"அத வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கினாள். அவள் சொல்லவில்லை. எனக்கு இன்றுவரை தெரியாது.

அவளும் அத்தையும் லாரி ஒன்றில் வவுனியாப் பக்கம் போனதாக ஆறுமுகம் பிறகு சொன்னார். அந்தப் போர் வருடங்களில் அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. அவளைப் பற்றிப் பின்னர் ஒரு செய்தியும் இல்லை. நானும் தேடினேன் என்று சொன்னால் அது பாதி பொய். எந்தப் பெயரைச் சொல்லித் தேடுவது?

8. பாடம் என்று கேட்டால்

நான் கட்டிய அந்தப் புரோகிராம் பல வருடம் மூன்று மெஷினிலும் பிழையில்லாமல் ஓடியது. கொழும்பில் பயிற்சி வகுப்புகளில் அதை உதாரணமாகக் காட்டினார்கள் என்றும் கேள்விப்பட்டேன். ஒரே சோர்ஸிலிருந்து பல மெஷினுக்குக் கட்டுவது எப்படி என்று இளையவர்கள் இப்போது என்னிடம் கேட்கும்போது, ஃபைல்களை எப்படிப் பிரிப்பது, எதைப் பொதுவில் வைப்பது என்றெல்லாம் சொல்லித்தருகிறேன். அதெல்லாம் நல்ல முறைதான். இன்றும் அதையேதான் செய்வேன்.

காரணம் தெரியாத வரியை அழிக்காதீர்கள் என்று உங்கள் புத்தகங்களிலேயே இருக்கும். எனக்கும் அது அப்போதே தெரியும். காரணம் தெரியவில்லை என்று எனக்குத் தோன்றாததுதான் தவறு. மூன்று தாளிலும் ஒரே எண் வந்தால் அது உண்மை என்று நினைத்தேன். மூன்று மெஷினையும் கேட்டேன். தோட்டத்தில் யாரையும் கேட்கவில்லை.

அந்த மூன்று மாதமும் ஒவ்வொரு சனிக்கிழமையும் தலவாக்கலை பஸ்ஸில் அம்மாவைப் பார்க்க வீட்டுக்குப் போய்வந்தேன். பஸ் காமாட்சியின் தோட்டத்து வாசலில் நின்றுதான் போகும். கொழுந்துக் கூடையோடு பெண்கள் ஏறுவார்கள், நான் மடியில் இருந்த பிரின்ட் தாள் நனையாமல் ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் கொடுப்பேன். ஒரு நாள்கூட அங்கே இறங்கவில்லை.